கார்டு மாற்றப் போன ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனதற்குக் காரணம் இரண்டு அன்னப்பறவைகள். இப்போது சொன்னால் சிரிக்கிறார்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

ராஜபாளையத்தில் அப்பா வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது வீடியோ எடுத்தது மாமா. மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் கல்யாண வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுக்கிற கடை வைத்திருந்தார். கடை என்றால் வீட்டின் முன்னறைதான். அக்கா வீட்டு விசேஷம் என்பதால் பார்த்துப் பார்த்துச் செய்து, எல்லோரும் மறந்தே போன பிறகு டிவிடியைக் கொண்டுவந்தார். சொந்தபந்தம் எல்லாம் கூடி உட்கார்ந்து பார்த்தோம். ஐயர் ஹோமம் வளர்க்கிறார். மாடு படியேற மாட்டேன் என்கிறது. அப்பா பட்டு வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் குனிகிறார். அம்மா பாலை ஊற்றுகிறாள். பால் விளிம்புக்கு ஏறுகிறது. அந்த நேரம் பார்த்துத் திரை முழுக்க ஒரு நீலக் குளம் வந்தது. குளத்தில் இரண்டு அன்னங்கள் நீந்தி வந்து, கழுத்தை வளைத்து முத்தம் கொடுத்துக்கொண்டன. அன்னங்கள் போனதும் பார்த்தால் எல்லோரும் பந்தியில் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்பா பொறுமையாக முழு வீடியோவையும் பார்த்து முடித்தார். அதற்குப் பிறகுதான் கேட்டார். "ஏன் மாப்ள, எங்க வீட்டுப் பாலு பொங்கவே இல்லையா?"

மாமா தலையைச் சொறிந்தார். எல்லாவற்றையும் கோத்து முடிக்கிற கடைசி நேரத்தில் தன்னுடைய பழைய கம்ப்யூட்டர் திணறித் தொங்கிப்போய்விட்டதென்றும், அந்தத் துண்டு மட்டும் கெட்டுப்போனதென்றும், வெறுமையாக விடவேண்டாமே என்று அன்னத்தைப் போட்டதாகவும் சொன்னார். உண்மையைத்தான் சொன்னார். ஆனால் சபையில் அப்பாவின் பக்கத்து ஆட்கள் ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. அப்பா விடாமல் துருவித் துருவிக் கேட்க, மாமாவுக்கும் ரோஷம் வந்து, "ஓசிக்கு எடுத்த வீடியோவுக்கு இம்புட்டு கேள்வியா அத்தான்?" என்று கேட்டுவிட்டார். அந்த 'ஓசி' இருக்கிறதே, அதுதான் வினை. அப்பா எழுந்து, எதுவும் சாப்பிடாத கையைப் போய்க் கழுவிக்கொண்டு வந்தார்.

அம்மாவுக்குத் தாய் தகப்பன் கிடையாது. பிறந்த வீடு என்று ஒன்று இருந்தால் அது மாமா வீடுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றும் சீமையில் இல்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஒரு தூக்கம் போடுவதற்குள் கோபுரம் தெரிந்துவிடும். அப்பாவும் போகாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. "போணும்னா போயேன், நானா பிடிச்சு வெச்சிருக்கேன்" என்பார். அவர் அதைச் சொல்கிற தோரணையில் எந்தப் பெண்ணும் பஸ் ஏற மாட்டாள். அம்மா அடுப்படியில் சீனியவரங்காய் வதக்கும்போது "தம்பிக்கு இது ரொம்பப் பிடிக்கும்" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டு, அடுப்பைக் குறைப்பாள். எனக்கு அப்போது பதினொரு வயது. சீனியவரங்காய் யாருக்குத்தான் பிடிக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

மாமாவுக்கு அந்தத் தொங்கிப்போன கம்ப்யூட்டர் மேல் தீராத வெறுப்பு. புதிதாக ஒன்று வாங்கி, அதற்குள் ஒரு கிராபிக்ஸ் கார்டும் சொருகினார். கம்ப்யூட்டருக்குள் படம் வரைகிற வேலையை மட்டும் பார்ப்பதற்கென்று தனியாக இருக்கிற பலகை அது. முதுகில் காற்றாடி வைத்திருக்கும். மாமா வாங்கியது பச்சைப் பெட்டியில் வந்த கம்பெனி. இது எப்படியோ அப்பாவின் காதுக்கு வந்தது. அந்த வருஷம்தான் அப்பா எனக்கு கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். மதுரைக்குப் போய், பச்சையைக் காட்டிய கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லி, சிவப்புப் பெட்டிக் கம்பெனியின் கார்டை வாங்கிப் போடச் சொன்னார். இரண்டுமே அந்தந்தக் கம்பெனியின் மலிவு ரகம்தான். பெட்டியில் மட்டும் ஒன்றில் வாள் பிடித்த வீரன், இன்னொன்றில் கொம்பு முளைத்த பூதம். எங்களுடையது பூதம்.

வ. புதுப்பட்டியில் ஒரு கல்யாணம். இரண்டு வீட்டுக்கும் பத்திரிகை வந்திருந்தது. பந்தியில் அப்பாவுக்கு இந்தப் பக்கம் நான், எனக்கு அந்தப் பக்கம் காலி இலை. அதில் வந்து உட்கார்ந்தது மாமா. எழுந்தால் நன்றாக இருக்காது என்று இரண்டு பேரும் அசையாமல் சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் சண்டைபோட்ட சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வதற்கு ஒரு முறை உண்டு. நடுவில் ஒரு பிள்ளை வேண்டும். அன்றைக்கு நான் அகப்பட்டேன்.

"மருமகளே, உங்கப்பா என்ன கார்டு வாங்கியிருக்காரு?" என்றார் மாமா.

"செவப்பு மாமா."

"செவப்பா? அது அடுப்பு மாதிரி கொதிக்குமே. பச்சைதான் நின்னு விளையாடும்னு சொல்லு உங்கப்பாட்ட."

அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் நான் திரும்பி ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி, "வேலை பாக்குறது கொதிக்கத்தான் செய்யும். தொங்கிப் போறதுதான் குளுகுளுன்னு கெடக்கும்னு சொல்லு உங்க மாமாட்ட" என்றார். இந்தப் பக்கம் திரும்பி அதையும் ஒப்பித்தேன். இப்படியே ரசம் வரைக்கும் போனது. எனக்குத்தான் அப்பளம் நமத்துப்போனது.

மோருக்கு வரும்போது அப்பா ஒரு நியாயம் பேசினார். அவர் நூல் மில்லில் சோதனைப் பிரிவில் இருந்தார். எந்த நூல் எத்தனை கனம், எங்கே அறும் என்று மெஷினில் இழுத்துப் பார்த்துச் சொல்கிற வேலை. "ரெண்டு சாம்பிளையும் ஒரே மெஷின்ல போட்டு ஓட்டாம எது ஒசத்தின்னு சொல்றவன் சோதிக்கிறவனே இல்லன்னு சொல்லு."

"எங்க வீட்ல மெஷின் இருக்கு. கொண்டாரச் சொல்லு, ஓட்டிப் பாத்துருவோம்" என்றார் மாமா.

எங்கள் கம்ப்யூட்டர் பெட்டி சின்னது, மாமாவின் பச்சைக் கார்டு அதற்குள் நுழையாது. அதனால் சிவப்புதான் ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும். அப்பா இலையை மடித்தார். மில்லில் வேலை கிடக்கிறது, தன்னால் வர முடியாது என்றார். பிறகு எதிர் வரிசையைப் பார்க்காமலே, "வேணும்னா உங்கம்மா எடுத்துட்டு வருவா, கூட நீ போ" என்றார். எதிர் வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பாயசத்துக்குப் போன அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா திருப்புளியால் கார்டைக் கழற்றிக் கொடுத்தார். அம்மா அதை எங்கள் ஊரில் நெய்கிற பேண்டேஜ் துணியில் பச்சைப்பிள்ளையைச் சுற்றுவது மாதிரி சுற்றி, சோற்று டப்பாவில் வைத்து, மடியில் வைத்துக்கொண்டாள். தெருமுனையில் எதிர்வீட்டு அக்கா, காலங்காத்தாலே எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டதற்கு, "தம்பி வீடு வரைக்கும். கார்டு மாத்திப் பாக்கணும்" என்று சொன்னாள். அவள் பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் தெருவில் கார்டு என்றால் ஒரே கார்டுதான், அது ரேஷன் கார்டு. அன்றைக்கு இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மாமா வீட்டில் நான் சோதனை நடத்தப் போனேன். அம்மா எதற்குப் போனாளோ, போனதும் முதல் காரியமாக மாமாவின் தலையைப் பிடித்து, "ஏன்லே இப்படி முடி கொட்டிப்போச்சு?" என்று கேட்டாள். பிறகு அத்தையும் அவளும் அடுப்படிக்குள் போய்விட்டார்கள். முன்னறையில் மாமா, மாமா மகன், நான். மாமா மகன் என்னைவிட ஒரு வகுப்பு மேலே. பச்சைக் கட்சி. நான் சிவப்பு. நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்குச் சிரிக்கக்கூட இல்லை, விஷயம் அவ்வளவு பெரியது.

மாமா பெட்டியைத் திறந்து எங்கள் கார்டைச் சொருகினார். பின்பக்கம் போய் ஒயர்களை மாட்டினார். கம்ப்யூட்டர் உயிர் பெறும் நேரத்தில் ஒரு பொத்தானைத் தட்டினார். நீலத் திரை ஒன்று வந்தது. அதில் எதையோ தேடிப் பிடித்து மாற்றிவிட்டு வெளியே வந்தார். மாமா பெரிய ஆள்தான் என்று நான் வியந்துபோனேன். பிறகு கார் ரேஸ் விளையாட்டைப் போட்டார். திரையின் மூலையில் ஒரு எண் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்று காட்டுகிற எண். எண் பெரியதாக இருந்தால் கார்டு ஒசத்தி, அவ்வளவுதான் கணக்கு. எங்கள் சிவப்புக்கு எண் ஏறுவதாக இல்லை. கார் திக்கித் திக்கி ஓடியது. வீட்டில் இதைவிட நன்றாக ஓடுமே என்று மாமா முகத்தைப் பார்த்தேன். மாமா அதைக் கழற்றிவிட்டுப் பச்சையைச் சொருகினார். மாமா மகன் நாற்காலி நுனிக்கு வந்தான். பச்சைக்கும் அதே எண், அதே திக்கல்.

"ரெண்டும் சமம்னு உங்கப்பாட்ட சொல்லு மருமகளே" என்றார் மாமா. அவர் முகத்தில் தோற்ற களையும் இல்லை, ஜெயித்த களையும் இல்லை. அடுப்படியிலிருந்து அம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மாவால் அவ்வளவு சத்தமாகச் சிரிக்க முடியும் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

வீட்டுக்கு வந்து நான் ஒப்பித்ததும் அப்பா நெற்றியைச் சுருக்கினார். "சமமா? ஒரே கோன்ல சுத்துன நூலையே ரெண்டு தடவ இழுத்தா ரெண்டு நம்பர் காட்டும். வேற வேற கம்பெனி, அதெப்படி ஒண்ணாக் காட்டும்? மெஷின் எங்கயோ தூங்குது." இதைச் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார். அவள் தலையில் அத்தை வைத்துவிட்ட பிச்சிப்பூ. பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் வைத்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். அப்பாவின் நெற்றிச் சுருக்கம் மெல்ல விட்டது. பிறகு, "சரி, வேற கேம் போட்டு இன்னொரு தடவ ஓட்டிப் பாக்கச் சொல்லு" என்றார்.

அதற்கப்புறம் இது ஒரு வாடிக்கை ஆகிப்போனது. துப்பாக்கி விளையாட்டு, பந்து விளையாட்டு, விமானம் ஓட்டுகிற விளையாட்டு, எதைப் போட்டாலும் சமம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நாங்கள் கேட்பதற்கு முன்பே அப்பா திருப்புளியும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். பஸ்ஸில் எங்களோடு பழகிப்போன கண்டக்டர், டப்பாவைப் பார்த்து, "இன்னிக்காவது ஜெயிக்குமாக்கா?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. அம்மா வாரம் முழுக்கக் கருவாடு, வடகம் என்று எதையாவது சேர்த்துவைப்பாள். எனக்கோ ஒவ்வொரு வாரமும் மானம் போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் பூதக் கார்டு பற்றி அவ்வளவு பீற்றியிருந்தேன்.

ஒருநாள் திரும்பி வந்து கார்டை எங்கள் கம்ப்யூட்டரில் மாட்டும்போது, திரைக்குப் போகிற ஒயரைச் சொருகுகிற வேலையை அப்பா எனக்குக் கொடுத்தார். சொருகினேன். திரை இருட்டாகவே இருந்தது. அப்பா டார்ச் அடித்துக் காட்டினார். பின்னால் ஒரே மாதிரி இரண்டு ஓட்டைகள். "மேல இருக்கது கம்ப்யூட்டரோட சொந்த போர்டு ஓட்டை. கீழ இருக்கது கார்டோட ஓட்டை. மேல சொருகினா கார்டு சும்மா உக்காந்திருக்கும், அதுக்கு வேலையே கெடையாது" என்றார். ஒயரைக் கீழே மாற்றியதும் படம் வந்தது.

அடுத்த வாரம் மாமா வீட்டில், மாமா மகனின் ரிமோட் கார் உருண்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டு மேசைக்கு அடியில் போய் எட்டிப் பார்த்தேன். மாமாவின் ஒயர் மேல் ஓட்டையில் இருந்தது. இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் பச்சையும் ஓடவில்லை, சிவப்பும் ஓடவில்லை. இரண்டும் சும்மா உட்கார்ந்திருக்க, போர்டு தன்னால் ஆனதை வரைந்துகொண்டிருந்தது. பிறகு ஏன் சமமாக வராது? எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. மாமாவின் காதில் போய்ச் சொன்னேன். காதில் என்று பெயர்தான், வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கும் கேட்டது.

மாமா என்னைத் தன் பக்கம் இழுத்தார். தட்டிலிருந்த பால்கோவாவில் ஒரு பெரிய துண்டை எடுத்து என் வாயில் வைத்தார். "இப்ப மாத்துனா இம்புட்டு நாளு பாத்ததெல்லாம் வீணாப் போயிருமே மருமகளே. பொறவு பாத்துக்கிடலாம். யார்ட்டயும் சொல்லாத" என்றார். எவ்வளவு பெரிய நியாயம் பாருங்கள். வாயில் பால்கோவா இருக்கும்போது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அம்மா மட்டும் பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏட்டி, பெரிய ஆளுக வேலையில மூக்க நுழைக்காத" என்றாள். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது.

இதற்கிடையில் எதிர்வீட்டு அக்கா சும்மா இருக்கவில்லை. கார்டு மாற்ற வாராவாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறாள் என்றால் என்ன அர்த்தம்? எங்கள் ரேஷன் கார்டிலிருந்து பேரை எடுத்துத் தம்பி கார்டில் சேர்க்கிறாள் என்று அர்த்தம். அதாவது புருஷன் வீட்டை விட்டுப் போகிறாள் என்று அர்த்தம். பேச்சு தெருவைத் தாண்டி மில்லுக்குப் போனது. சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை பார்க்கிறவர் ஒருவர் அப்பாவின் தோளைத் தொட்டு, "பேசித் தீத்துக்கிடலாம்ணே, பொம்பளப் பிள்ள இருக்கு, பேர எடுக்க விட்றாதீங்க" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "இந்த ஞாயித்துக்கெழமை நானும் வாரேன். அது என்னதான் சமம்னு நானே பாத்திருதேன்" என்று மட்டும் சொன்னார். நான் குதித்தேன். கடைசியில் நூல் சோதிக்கிறவரே வருகிறார், ஒரு நிமிஷத்தில் பிடித்துவிடுவார், சிவப்பு ஜெயிக்கப் போகிறது. அம்மா குதிக்கவில்லை. அன்றைக்குச் சாம்பாரில் உப்பே இல்லை.

இன்றைக்கு யோசித்தால் அந்தப் பஸ் பயணத்தில் அவள் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்பது கண்ணிலேயே நிற்கிறது. டப்பாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஓசி என்கிற ஒரு சொல்லுக்கே பல மாதம் பேச்சை விட்டவர் அப்பா. தன்னை வாராவாரம் முட்டாளாக்கியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தால் இனி அந்த வாசலை மிதிக்க விடுவாரா? தெருப்பேச்சு வேறு. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு பிறந்த வீடு, அது அந்த ஓட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? எந்த விளையாட்டைப் போடச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

அப்பாவை வாசலில் பார்த்ததும் மாமா கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார். அத்தைதான் "வாங்கண்ணே" என்றாள். அப்பா நேராக முன்னறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மாமா கார்டைச் சொருகினார், ஒரு திருகாணியைக் கீழே போட்டார். பின்னால் போய் ஒயரை மாட்டினார். எங்கே மாட்டினார் என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மேலேதான். வழக்கமாகக் கை அங்கேதான் போகும்போல. அடுப்படி நிலையில் அம்மா வந்து நின்றாள்.

அப்பா என்னைப் பார்த்துக் கையை நீட்ட, நான் மேசை மேலிருந்த டார்ச்சை எடுத்துக் கொடுத்தேன். அவர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேசைக்குப் பின்னால் குனிந்தார். டார்ச் வெளிச்சம் சுவரில் விழுந்தது. தலைக்கு மேலே காற்றாடி மட்டும் கரகரவென்று சுற்றியது. அவர் அங்கேயே குனிந்தபடி இருந்தார். நான் நுனிக்காலில் நின்று எட்டிப் பார்த்தேன், சந்தோஷத்தில்.

"ஒயரு லூசா இருக்கு" என்றார் அப்பா. எந்த ஓட்டையில் இருந்ததோ அதே ஓட்டையில் கட்டை விரலால் அழுத்திச் சொருகினார். நிமிர்ந்து, டார்ச்சை அணைத்து, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "ம், ஓட்டுங்க மாப்ள" என்றார்.

பால் காய்ச்சிய வீடியோவுக்குப் பிறகு அப்பா மாமாவிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். நடுவில் நான் இல்லாமல்.

"அப்பா, ஒயரு மேல—" என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ போயி அத்தைட்ட தண்ணி வாங்கிட்டு வா" என்றார்.

தண்ணி வாங்கி வருவதற்குள் சோதனை முடிந்துவிட்டது. "சமந்தான் மாப்ள" என்றார் அப்பா. "நானும் நம்பல. கண்ணால பாத்தாச்சு." மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு, தேவையே இல்லாமல் கீபோர்டைத் துணியால் துடைத்தார். பிறகு எல்லோரும் சாப்பிட்டோம். எனக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அப்பாதான், அவருக்கே மறந்துபோய்விட்டதே என்று ஆத்திரமாக வந்தது. வாசல்படி இறங்கும்போது அப்பா திரும்பி நின்று, "அந்த அன்னம் ரெண்டும் நல்லாத்தான் நீந்துது மாப்ள" என்று சொன்னார். மாமா எங்களை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டார்.

காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கப் போன பிறகுதான் எனக்கு இன்னொன்று தெரியவந்தது. கார்டைச் சொருகிவிட்டால் பொதுவாக மேல் ஓட்டை தானாகவே அடங்கிவிடும். தெரியாமல் அதில் ஒயரை மாட்டினால் இருட்டுதான் வரும், எங்கள் வீட்டில் வந்த மாதிரி. அதில் படம் வர வேண்டுமென்றால், நீலத் திரைக்குள் போய், வேண்டுமென்றே அதை எழுப்பிவிட வேண்டும். மாமா முதல் ஞாயிற்றுக்கிழமையே அதைச் செய்தார். அப்பாவுக்கு அது எப்போது தெரியும் என்று நான் கேட்டதில்லை. சமம் என்று முதல் தடவை கேட்டு நெற்றியைச் சுருக்கினாரே, அப்போதே தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். இரண்டு கார்டில் எது ஒசத்தி என்பது இன்றுவரை எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில் முன் இருக்கையில் ஜன்னலோரம் அம்மாவுக்கு இடம் கிடைத்தது. பின் இருக்கையில் நானும் அப்பாவும். பொறுக்க முடியாமல் நான் அவருக்குப் பாடம் எடுத்தேன். இரண்டு விரலைக் காட்டி, மேலே இருப்பது போர்டு ஓட்டை, கீழே இருப்பது கார்டு ஓட்டை, மேலே சொருகினால் கார்டுக்கு வேலையே கிடையாது என்று பொறுமையாக விளக்கினேன். அப்பா நல்ல மாணவர் மாதிரி கேட்டுக்கொண்டார். "அப்படியாம்மா? எனக்குத் தோணாமப் போச்சே. அப்ப இன்னொரு தடவ போய்த்தான் பாக்கணும்" என்றார். மண்டையில் ஏறியதா என்று சந்தேகப்பட்டு முதலிலிருந்து இன்னொரு முறை சொன்னேன்.

முன் இருக்கையில் அம்மாவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. முந்தானையை வாயில் வைத்துப் பொத்தியிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இன்றைக்கும் சோதனை தப்பாகப் போய்விட்டதே என்று அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எட்டி அவள் தோளைத் தொட்டு, கண்டக்டருக்குக் கேட்காமல் மெதுவாகத் தைரியம் சொன்னேன்.

"அழாதம்மா. அடுத்த ஞாயித்துக்கெழமை சரியாச் சொருகிருவோம்."